ஏழு ஊர் வரிசை

தகரக்கூரை இசைக்குழுவின் பின்னால் ஏழு ஊர் சுற்றியவளிடம் போய், குழு எப்படிப் பாடியது என்று கேட்டுப் பாருங்கள். அரங்குகளின் வெளிச்சுவரைப் பற்றிச் சொல்வாள். முதல் ஊரில் மஞ்சள் சுண்ணாம்பு, உரசினால் ஒட்டும். இரண்டாம் ஊரில் கருங்கல், முதுகு சாய்க்கத் தோதானது. மூன்றாம் ஊரில் பச்சைப் பெயின்ட், காயாதது. அவளுடைய ஒரே நல்ல சட்டை அதோடு போயிற்று.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்னறையில் லென்ஸ் வெட்டுபவள். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அதற்கு முன்பு அவளுடைய வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கினாள். வாங்கிய பட்டத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எட்டு மாதம் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தாள். எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்றுவரை யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அந்த எட்டு மாதமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று பேருந்தில் அவள் கேட்டது ஒரே பாட்டு, தகரக்கூரையினுடையது.

பாட்டில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. "மழை வருது, ஜன்னலை மூடினியா?" என்று பாடகர் கேட்பார். "மூடலை, மூடலை, நனையட்டும்!" என்று கூட்டம் கத்தும். நான்கு நிமிடத்துக்கு இதேதான். ஆனால் நேர்முகத் தேர்வில் தோற்று வருகிற ஒருத்தியின் காதில் அந்த "நனையட்டும்" எப்படி விழும் என்பது தோற்று வந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் தன் வாயால் நேரில் கேட்க வேண்டும், தான் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குழு எந்த ஊரில் அந்தப் பாட்டைப் பாடும் என்று முன்கூட்டியே சொல்வதில்லை. ஆகவே ஏழு ஊருக்கும் டிக்கெட் எடுத்தாள். பன்னிரண்டு நாள் விடுப்புக் கேட்டாள்.

"ஒரு பாட்டுக்குப் பன்னெண்டு நாளா?" என்றார் முதலாளி. "போன்ல போட்டுக் கேட்டுக்கம்மா."

"கல்யாணம்னா லீவு குடுப்பீங்கல்ல சார்?"

"கல்யாணம்னா வேற."

"அங்கயும் பாட்டுத்தான் சார் போடுவாங்க."

வாதம் நியாயமாக இருந்ததாலோ, இயந்திரத்துக்கும் பழுதுபார்க்கப் பன்னிரண்டு நாள் தேவைப்பட்டதாலோ விடுப்புக் கிடைத்தது.

முதல் ஊரில் மாலை ஐந்து மணி நிகழ்ச்சிக்கு மதியம் மூன்று மணிக்கே போய், வாசலுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றாள். பத்து நிமிடத்துக்குள் கழுத்தில் மூன்று அட்டைகளைத் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மாள் வந்தாள். அக்குளில் தடித்த பதிவேடு.

"எந்த எண்?"

"டிக்கெட்டா? இந்தாங்க."

"டிக்கெட் உள்ள போறதுக்கு. வரிசையில நிக்கறதுக்கு என்ன வெச்சிருக்க?"

"கால் வெச்சிருக்கேன்" என்றாள் இவள்.

பதிவேட்டம்மாள் சிரிக்கவில்லை. தகரக்கூரை ரசிகர் பேரவையின் வரிசைப் பிரிவில் சிரிப்பதற்கு விதி இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே வந்து எண் வாங்கியிருக்க வேண்டுமென்றும், ஏதோ முதல் தடவை என்பதால் மன்னிப்பதாகவும் சொல்லி, அவளுடைய மணிக்கட்டில் அழியாத மையால் 23 என்று எழுதினாள். அன்று காலை அந்த எண்ணுக்கு உரியவர் கொட்டாவி விட்டதில் 'உள்ளேன்' சரியாகக் கேட்காததால் அது காலியாக இருந்ததாம்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பு. எண்ணைக் கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்லணும். கணக்கெடுப்பு நடக்கும்போது வேற சத்தம் வரக்கூடாது. இயற்கை அழைப்புன்னா ஏழு நிமிஷம், விண்ணப்பம் எங்கிட்ட இருக்கு. ஏழு ஊருக்கும் இதே எண்தான். ஒரு தடவை ஆப்சென்ட் ஆனா எண் போச்சு, கடைசிக்குப் போயிடணும்." அறுபத்துநான்கு விதிகள் அடங்கிய சிறு புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

இவளுக்கு அடுத்து நின்ற இருபத்துநான்காம் எண் அக்கா நல்லவள். மடக்கு நாற்காலியில் இவளுக்கும் பாதி இடம் கொடுத்தாள்.

"தனியாவா அக்கா வந்தீங்க?"

"வீட்டுக்காரரும் வந்திருக்காரு. அவரு முந்நூத்திப் பத்து."

"சேர்ந்து வரலையா?"

"சேர்ந்துதான் வந்தோம். அவரு இருபத்தஞ்சு. இயற்கை அழைப்புக்குப் போனாரு, எட்டு நிமிஷம் ஆயிடுச்சு." அக்கா பெருமூச்சு விட்டாள். "அதோ, தூரத்துல நீலச் சட்டை தெரியுதா? அவருதான். நல்ல மனுசன். வயிறுதான் கொஞ்சம் மந்தம்."

நாலேமுக்காலுக்கு வாசல் திறந்தது. வரிசை அசையவில்லை. பக்கத்துக் கதவு வழியாகச் சோளப்பொரிப் பொட்டலத்தோடு ஆட்கள் சாவகாசமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இவள் பதறிப்போனாள்.

"அக்கா, அவங்கள்லாம் போறாங்க!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க பார்வையாளருங்க. நாம ரசிகருங்க."

ரசிகர்கள் உள்ளே போக வேண்டுமென்றால் இறுதிக் கணக்கெடுப்பு முடிந்து, பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் தரையில் நிற்கிற எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். அன்று பதிவேட்டில் முந்நூற்று எண்பத்தெட்டு. தரையில் முந்நூற்று எண்பத்தொன்பது. மூன்று தடவை எண்ணினார்கள். எண்ணியவர் ஒவ்வொரு தடவையும் தன்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் என்பது ஆறரை மணிக்குத் தெரிய வந்தது. இவள் விழுந்தடித்து உள்ளே ஓடியபோது டிரம்ஸ்காரர் கடைசி அடி அடித்துவிட்டுக் குச்சியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிறைவு.

"என்ன அருமையான வரிசை!" என்றார் ஒருவர்.

"இருந்தாலும் போன வருஷ வரிசை மாதிரி வராதுங்க" என்றார் இன்னொருவர்.

இரண்டாம் ஊரில், வரிசை இடமிருந்து வலமாகப் போக வேண்டுமா வலமிருந்து இடமாகவா என்று பேரவைக்குள் கருத்து வேறுபாடு வந்து, இரு தரப்பும் சமாதானமாகி அரங்கைச் சுற்றி வட்டமாக நிற்பது என்று முடிவானது. ஒன்றாம் எண்ணுக்கு முன்னால் கடைசி எண் நின்றது. யார் முதலில் உள்ளே போவது என்று ஏழு மணி வரை தெரியவில்லை. மூன்றாம் ஊரில் மழை. குடை பிடித்தவர் இரண்டு பேருடைய இடத்தை அடைப்பதால் அவர் இரண்டு எண்ணாகக் கருதப்படுவார் என்று விதி முப்பத்தேழு சொல்கிறது. அப்படிக் கருதியதில் பதிவேட்டில் உள்ளதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ரசிகர்கள் அன்று வந்திருந்தார்கள். எண்ணி முடிப்பதற்குள் உள்ளே கூட்டிப் பெருக்கிவிட்டார்கள்.

நான்காம் ஊரில் இருந்தபோது அம்மா போனில் வந்தாள்.

"பாட்டுக் கேட்டியாடி?"

"இல்லம்மா. வரிசையில நிக்கறேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்ன."

"அது வேற வரிசைம்மா."

"ஏண்டி, நான் படிக்காதவ. மண்ணெண்ணெய்க்கு நின்னேன், குழாயடியில நின்னேன், உனக்கு ஸ்கூல்ல சீட்டுக்கு நின்னேன். நின்னா கையில ஏதாவது ஒண்ணு வரும். நீ படிச்சிட்டு நிக்கற, வெறுங்கையோட வர்ற. இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

"கணக்கெடுப்பு வருதும்மா, வெச்சிடறேன்."

கோபத்தில் வைத்தாளே தவிர, அம்மா சொன்னது உள்ளே போய் முள்ளாக உட்கார்ந்துகொண்டது. திரும்பிப் போயிருக்கலாம். போகாததற்குப் பாட்டு மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளுடைய வாழ்க்கையில் எந்த வரிசையிலும் அவளுக்கு இத்தனை சின்ன எண் கிடைத்ததில்லை. முந்நூறுகளில் நிற்பவர்கள் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "இருபத்திமூணா!" என்று வழிவிட்டார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பட்டத்துக்குக் கிடைக்காத மரியாதை பேனா மைக்குக் கிடைத்தது. அதைக் குளிக்கும்போது நனையாமல் பார்த்துக்கொண்டாள். அழியாத மை என்று தெரிந்தும்தான்.

ஐந்தாம் ஊரில் பேரவைத் தலைவரே வந்தார். ஒரு தொழிற்சாலையில் வருகைப்பதிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை போலும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். ஐந்து மணி நிகழ்ச்சிக்கு நாலு ஐம்பதுக்கு உரையைத் தொடங்கினார்.

"அன்பான எண்களே! பாட்டு யாரு வேணா கேக்கலாம். ரேடியோ வெச்சிருக்கறவன் கேக்கறான், பஸ்ல போறவன் கேக்கறான், காது இருந்தாப் போதும். ஆனா நிக்கறதுக்கு? நிக்கறதுக்கு மனசு வேணும்! நான் இந்தக் குழுவுக்காக இருபத்திரெண்டு வருஷமா நிக்கறேன். ஒரு தடவைகூட உள்ள போனதில்ல!"

கைத்தட்டல்.

"உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்? வரிசையை யாரு பாத்திருப்பா? என் பொண்டாட்டி கேக்கறா, 'அப்படி என்னதான் பாடறாங்க அவங்க?'ன்னு. நான் சொன்னேன், 'எனக்கு எப்படித் தெரியும்? நான் ரசிகன்!'"

இதற்கு எழுந்த கைத்தட்டலில் உள்ளே பாடியது எதுவும் வெளியே கேட்கவில்லை. உரையின் முடிவில், ஐந்து ஊரிலும் ஒரு கணக்கெடுப்பைக்கூடத் தவறவிடாத இருபத்துமூன்றாம் எண்ணை உதவி எண்ணராக நியமிப்பதாக அறிவித்தார். கழுத்தில் ஓர் அட்டை விழுந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல்முறையாக ஓர் இடத்தில் "சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லாமல், நேரிலேயே வேலை கொடுத்திருக்கிறார்கள்.

ஆறாம் ஊரில் அவள் என்ன செய்தாள் என்பதை அவளே பிறகு வெட்கத்தோடுதான் சொன்னாள். நீலச் சட்டைக்காரர், இருபத்துநான்கு அக்காவின் வீட்டுக்காரர், மனைவிக்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பதற்காக முந்நூற்றுப் பத்திலிருந்து முன்னால் வந்தார்.

"சார், விதி பதினொண்ணு. எண் விட்டு எண் பொருள் கடத்தக்கூடாது."

"பழம்மா இது."

"பழமும் பொருள்தான்."

அவர் பழத்தை உரித்துத் தானே தின்றுகொண்டு திரும்பிப் போனார். அக்கா இவளை ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியில் பாதி இடம் கொடுத்தவள், அன்று முழு நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலைதான் செய்தி வந்தது: ஏழாம் ஊர் நிகழ்ச்சியோடு தகரக்கூரை கலைகிறது. இனிமேல் பாடப்போவதில்லை. வரிசை முழுக்கச் சோகம். பதிவேட்டம்மாள் மூக்கைச் சிந்தினாள். "பெரிய இழப்பு. இனிமே எதுக்கு நிக்கறது?"

இவள் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு மாலைதான். நாளைக்குக் கேட்காவிட்டால் அந்தப் பாட்டு போனிலேயே போய்விடும்.

ஏழாம் ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். இறுதிக் கணக்கெடுப்பை நாலரைக்கே முடித்து, வரிசையை நேரத்தோடு உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்று உதவி எண்ணர் கங்கணம் கட்டிக்கொண்டாள். அட்டை கழுத்தில் ஆட, பேனாவும் கையுமாக ஓடி ஓடி எண்ணினாள். லென்ஸை அரை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுகிற கை அது. இருபத்திரண்டு, உள்ளேன், டிக். இருபத்துமூன்று, பதில் இல்லை, இடம் காலி, குறுக்குக்கோடு. இருபத்துநான்கு, உள்ளேன், டிக். பேரவை வரலாற்றிலேயே முதல்முறையாக இருபது நிமிடத்தில் கணக்கெடுப்பு முடிந்தது. பதிவேட்டை மூடிவிட்டு மூச்சு வாங்க இருபத்துமூன்றாம் இடத்தில் வந்து நின்றாள்.

தலைவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இருபத்திமூணு ஆப்சென்ட்னு இருக்கே."

"சார், நான்தான் இருபத்திமூணு. எண்ணிட்டு இருந்தேன் சார்."

"எண்ணும்போது வரிசையில நின்னியா?"

"எண்ணுறவ எப்படி சார் நிக்க முடியும்?"

"அப்ப இல்லைதானே? ரொம்பச் சரியா எழுதியிருக்க. யாரா இருந்தாலும் தாட்சண்யம் பாக்கல. நான் பெருமைப்படறேன்." அவளுடைய முதுகில் தட்டிக்கொடுத்தார். "கடைசில போய் நில்லும்மா. நானூத்திப் பதிமூணு. ஆனா இப்ப ஒரு எண் காலியானதால எண்ணிக்கை மாறிடுச்சு. மறுபடியும் முதல்ல இருந்து எண்ணணும்."

உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்தது.

அவள் அப்படியே நின்றாள். அம்மா மண்ணெண்ணெய்க்கு நின்றது நினைவுக்கு வந்தது. பிறகு கழுத்து அட்டையைக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்தாள். பையைத் துழாவி டிக்கெட்டை எடுத்தாள். பக்கத்துக் கதவுக்குப் பத்தடி தூரம். ஏழு ஊரிலும் அதே பத்தடிதான் இருந்திருக்கிறது.

"இருபத்திமூணு! அது பார்வையாளர் கதவு!" என்று பதிவேட்டம்மாள் அலறினாள்.

"நான் பாக்கத்தான் போறேன்" என்றாள் இவள்.

உள்ளே நுழைந்தால் இருக்கையெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. மொத்தமாக ஓர் அறுபது பேர். ஒரு குடும்பம் ஏசிக்காக வந்திருந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மேடைக்கு முன்னால் இருந்த கம்பித் தடுப்பில் ஈ காக்கை இல்லை. ஓடிப்போய்த் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பாடகர் ஆறடி தூரத்தில் நின்றார். படத்தில் பார்த்ததைவிடக் குண்டு. கண்ணாடியின் இடது லென்ஸ் மையம் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. எவனோ கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறான்.

பாட்டு முடிந்ததும் பாடகர் தண்ணீர் குடித்தார்.

"இதுதான் எங்க கடைசி மேடை. யார் மேலயும் கோவம் இல்ல. ஏழு ஊர் வந்தோம், டிக்கெட் எல்லாம் வித்துடுச்சுங்கறாங்க, ஆள்தான் காணோம். எங்களுக்கு ஒரு பாட்டு உண்டு, நான் கேட்டா நீங்க பதில் சொல்லணும். முதல் ஊர்ல கேட்டேன், ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதோட அதைப் பாடறதையே விட்டுட்டோம். வெளியில பஸ்ஸுக்கு நிக்கறாங்க பாருங்க, எந்த ஊர் போனாலும் அப்படி ஒரு கியூ. அதுல கால்வாசிப் பேர் உள்ள வந்திருந்தாக்கூட நாங்க கடையை மூடியிருக்க மாட்டோம்."

"அது பஸ் கியூ இல்ல!" என்று இவள் கத்தினாள்.

தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பாடகர் கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தார்.

"என்னம்மா?"

"அந்தப் பாட்டைப் பாடுங்க! நான் பதில் சொல்றேன்!"

அவர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் தோளைக் குலுக்கிவிட்டுக் குச்சியைத் தூக்கினார். "மழை வருது, ஜன்னலை மூடினியா?" என்று பாடகர் கேட்டார். எட்டு மாதப் பேருந்தையும் ஏழு ஊர்ச் சுவரையும் சேர்த்து, "மூடலை, மூடலை, நனையட்டும்!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டார். பதில் வந்து எத்தனையோ காலமாயிற்று போல. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பாடகர்கள் சந்தோஷத்தில் செய்கிற அந்தக் காரியத்தைச் செய்தார். மைக்கை அவளிடம் நீட்டிவிட்டார். நீட்டிய கையை எடுக்கவே இல்லை.

எந்தக் குரலைக் கேட்க ஏழு ஊர் வந்தாளோ அந்தக் குரல் சும்மா நின்று ரசித்துக்கொண்டிருந்தது. கேள்வியையும் அவளே பாடினாள், பதிலையும் அவளே பாடினாள். ஆளுயர ஸ்பீக்கர்களிலிருந்து அவளுடைய குரலே அவள் மேல் வந்து விழுந்தது. அதற்கு லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் எவ்வளவோ தேவலை. ஏசிக்கு வந்த குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது. ஆனாலும் நிறுத்தவில்லை, முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். ஆனந்தமா ஏமாற்றமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அது பஸ் கியூ இல்லன்னா, பின்ன என்ன கியூ?" என்று பாடகர் குனிந்து கேட்டார்.

சொன்னாள். குழுவில் இருந்த நால்வரும் வாத்தியங்களை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே ஓடினார்கள். இவளும் பின்னால் ஓடினாள்.

வரிசையைப் பார்த்ததும் பாடகருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இத்தனை பேரா! எங்களுக்காகவா!" என்று முன்னால் போனார். யாரும் அசையவில்லை. கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. நீலச் சட்டைக்காரர் மட்டும் வாயைத் திறக்கப் பார்த்து, கையால் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துங்க" என்றார் தலைவர். "உங்க எண்?"

"சார், நான்தான் பாடறவன்."

"தெரியுங்க. உங்களைத் தெரியாமயா? இருபத்திரெண்டு வருஷமா உங்களுக்காகத்தான் நிக்கறோம்." தலைவரின் குரல் தழுதழுத்தது. "அதனாலதான் சொல்றேன், கடைசில போய் நில்லுங்க. உங்களுக்குச் சலுகை காட்டினா நாளைக்கு உங்க பேருதான் கெடும்."

பதிவேட்டம்மாள் நால்வரின் மணிக்கட்டிலும் எழுதினாள். இவள் வேண்டாமென்று விட்டுப்போன நானூற்றுப் பதிமூன்று பாடகருக்குப் போயிற்று. அவர் மணிக்கட்டை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டு, பெருமை தாங்காமல் கடைசியில் போய் நின்றார். இவள் வரிசைக்கு வெளியே அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். எண் இல்லாதவளைப் பற்றி அறுபத்துநான்கு விதியிலும் ஒரு வார்த்தை இல்லை.

"முந்நூத்தி எழுபது!" "உள்ளேன்!"

பொழுது போகாமல் பாடகர் மெதுவாக முனகத் தொடங்கினார். பிறகு முனகல் பாட்டானது. மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, களைத்த, அசல் குரல். "மழை வருது, ஜன்னலை மூடினியா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். வரிசையில் இருந்தவர்களின் உதடுகள் துடித்தன. இருபத்துநான்கு அக்கா அழுதேவிட்டாள். ஆனால் கணக்கெடுப்பின்போது வேறு சத்தம் வரக்கூடாது. "மூடலை, மூடலை, நனையட்டும்" என்று இவள் மட்டும் சொன்னாள். கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவர் அடுத்த அடிக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கும் போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானூத்திப் பதிமூணு!"

பாடகர் பாட்டைச் சட்டென்று நிறுத்திவிட்டு, மணிக்கட்டை உயரத் தூக்கி, "உள்ளேன்!" என்று உச்சக் குரலில் கத்தினார். தலைவர் டிக் அடித்தார்.

பாட்டில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது.